சேலத்துப் பட்டறையில் செய்த காய்ச்சும் கெட்டிலை நண்பர்களுக்கு விற்கலாமா? ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பகலில் ஒரு கம்பெனியில் ஆர்கான் வெல்டர். வீட்டில் கொம்புசா (இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்த பானம்), இஞ்சி சோடா போடும் பழக்கம் உண்டு. அதற்காக 50 லிட்டரில் குழாய் வைத்த ஒரு எஸ்.எஸ். கெட்டில் செய்தேன். இதே பழக்கம் உள்ள ஏற்காடு, பெங்களூரு நண்பர்கள் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மாமா பையன், அங்கே வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் இப்படித்தான் செய்து ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள் என்கிறான். நானும் விற்கலாமா? என்ன விலை வைப்பது? சட்டச் சிக்கல் வருமா?"

விற்கலாம் தம்பி. ஆனால் உங்களுக்காகச் செய்த கெட்டிலை அப்படியே படி எடுத்து விற்க வேண்டாம். நமக்கென்று செய்யும்போது எந்த ஜாயிண்ட் கொஞ்சம் கருத்துப்போனது, எந்தக் குழாயை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவணும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வாங்குகிறவருக்கு அது தெரியாது. அவர் கண்ணில் படுவது வெளிப்பக்கப் பாலிஷ் மட்டும்தான். நான் பால் பண்ணைக் குழாய் வேலையும் சேகோ ஆலைத் தொட்டி வேலையும் பல வருடம் பார்த்தவன். பால் பண்ணையில் வேலையைச் சோதிக்க வருகிறவர் வெளிப்பக்கம் எப்படி மின்னுகிறது என்று பார்க்க மாட்டார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே எட்டிப் பார்ப்பார். உங்கள் கெட்டிலும் அந்தப் பார்வைக்குத் தேறினால்தான் காசு வாங்க வேண்டும். கீழே சொல்லும் தகடு, வெல்டிங், விலை எல்லாமே அந்த உள்பக்கத்துக்காகத்தான்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மாமா பையன் சொல்வது அவன் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் மத்தியச் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார், அது 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் காய்ச்சலாம், அந்தப் பீரை விற்கக் கூடாது. அங்கேயும் எல்லா மாநிலமும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் அனுமதித்தன. இங்கிலாந்தில் வீட்டுப் பீருக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 1963-ல் போய்விட்டது. அந்த ஊர்களில் பீர் கெட்டில் விற்பவரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே சேலம் மாவட்டத்தில்தான். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1-ம் தேதி அதை இங்கே தொடங்கியது. அந்த 1937-ம் வருடச் சட்டம்தான், பல திருத்தங்களோடு, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக இன்றும் இருக்கிறது. தெருவுக்குத் தெரு அரசே கடை வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். அது லைசென்ஸுக்கு உட்பட்ட விற்பனை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது, அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், இங்கே குற்றம். இன்னொன்றும் கவனியுங்கள். மது தயாரிப்பதற்கென்று பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதும் அதே சட்டத்தில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே "பீர் கெட்டில்" என்று பெயர் போட்டுத் தமிழ்நாட்டுக்குள் விற்காதீர்கள், அந்த நோக்கத்தோடு கேட்பவருக்குத் தெரிந்தே கொடுக்காதீர்கள். தேநீர், கொம்புசா, இஞ்சி பானம், கஷாயம், பால், சூப் காய்ச்சும் கெட்டில் என்றால் அது சமையல் பாத்திரம். அதைச் செய்வதிலோ விற்பதிலோ இந்தச் சட்டம் குறுக்கே வராது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கல்வராயன் மலை நமக்குப் பக்கத்து மலை. அதற்குப் பிறகு சட்டத்தில் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. ஆகவே ஒரு விஷயத்தில் கொஞ்சமும் வளைந்து கொடுக்காதீர்கள். மூடியில் ஆவி போக ஒரு குழாய் வைத்துத் தாருங்கள், சுருள் குழாய் ஒன்று சுற்றித் தாருங்கள், மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிற மாதிரி செய்யுங்கள் என்று யார் கேட்டாலும், மூலிகை எண்ணெய் எடுக்கத்தான் என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வடிகலன், அதாவது சாராயம் வடிக்கும் பாத்திரம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆவி போகும் வழி அடைத்துக்கொண்டால் வெடிக்கும். நீங்கள் விற்பது திறந்த வாய்ப் பாத்திரம். மூடி சும்மா மேலே உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கொம்புசாவிலும் புளிக்கும்போது கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கில் போய்விடும். வீட்டுக்குப் போட்டுக் குடிப்பவர்கள் இனிப்பையும் நாட்களையும் கட்டுப்படுத்தினால் போதும். நண்பர்களில் யாராவது பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினால் அவர்கள் உணவு லைசென்ஸும் ஆய்வகச் சோதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டில் செய்தவர் என்ற முறையில் இதைச் சொல்லிவையுங்கள்.

சரி, இனி தகடு. சேலத்தில் மத்திய அரசின் செயில் நிறுவனத்து உருக்காலை இருக்கிறது. கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறார்கள். அதற்காக நம் ஊர்க் கடையில் வாங்குவதெல்லாம் 304 என்ற நல்ல ரகம் ஆகிவிடாது. பாத்திரச் சந்தையில் ஓடுவதில் பெரும்பகுதி 200 வரிசைத் தகடு. 304-ல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் வாக்கில் இருக்கும். 202-ல் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான், மீதிக்கு மாங்கனீஸ். ஜே4 என்று விற்பதில் நிக்கல் ஏறக்குறைய 1 சதவீதம். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்குப் பயன்படாது, மூன்றிலுமே காந்தம் ஒட்டாது. சொட்டுத் திரவமும் சின்னப் பேட்டரியும் கொண்ட சோதனைக் கிட் கிடைக்கிறது. மாங்கனீஸ் அதிகமான தகட்டில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட நல்லது, தகடு வாங்கும்போதே மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஆலை தரும் சோதனைச் சான்று) நகலை வாங்கி, தகட்டில் அச்சடித்திருக்கும் ஹீட் நம்பரோடு (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) ஒத்துப்பார்ப்பது. அந்த நகலையே ஒவ்வொரு கெட்டிலோடும் வைத்துக் கொடுக்கலாம். வாங்குகிறவருக்கு இதைவிட நம்பிக்கை தரும் காகிதம் வேறில்லை.

200 வரிசையில் செய்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள், விலை குறைவு என்பதால். வெறும் தண்ணீர் காய்ச்சினால் சில காலம் ஒன்றும் ஆகாது. ஆனால் கொம்புசாவின் பி.எச். 3 பக்கம் இருக்கும், அது நல்ல புளிப்பு. அதோடு நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால், வெல்டிங் ஓரத்தில் முதலில் பழுப்புப் புள்ளி தெரியும். 304-ல் செய்யுங்கள். 316 தேவையில்லை, காய்ச்சும் பாத்திரத்துக்கு அது வீண் செலவு. எடுத்துக்கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இதில் தேநீரைக் காய்ச்சலாம், ஆற வைக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் புளிக்க வைப்பதைக் கண்ணாடி ஜாடியில் செய்யுங்கள் என்று. 304 அதையும் தாங்கும்தான். இருந்தாலும் குழாய்ப் பகுதி இருக்கிறதே, அங்கே புளிப்பு நாட்கணக்கில் தேங்கி நிற்கக் கூடாது.

அளவைப் பொறுத்தவரை ஒரு வசதி இருக்கிறது. 1250-க்கு 2500 மி.மீ. ஷீட்டின் அகலத்தைச் சுற்றினால் விட்டம் 398 மி.மீ. கிடைக்கும். உயரம் 410 வைத்து வெட்டினால் ஒரே ஷீட்டில் ஆறு ஷெல் (கெட்டிலின் சுற்றுச்சுவர்) வரும், ஓரத்தில் 40 மி.மீ. மட்டும் மிச்சம். ஒவ்வொன்றும் 50 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும், ஒரே ஒரு நேர் ஜாயிண்ட்தான். ஷெல்லுக்கு 1.5 மி.மீ. போதும், அடித்தட்டுக்கு 2 மி.மீ. போடுங்கள். எஸ்.எஸ். சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மெல்லிய அடித்தட்டில் பர்னர் பட்ட இடம் மட்டும் காய்ந்து, சர்க்கரை அங்கேயே பிடித்துக் கருகும். அடுப்பை அணைத்த பிறகு சர்க்கரையைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுப்பதும் நல்லது. 50 லிட்டர் கெட்டிலில் 40 லிட்டருக்கு மேல் காய்ச்ச வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பீர் காய்ச்சும் ஊர்களில் ஒரு மணி நேரம் பொங்கப் பொங்கக் கொதிக்க விடுவார்கள், அதற்காக இன்னும் அதிகமாக இடம் விடுவார்கள். தேநீருக்கு அவ்வளவு வேண்டாம்.

அடித்தட்டை வட்டமாக வெட்டி, ஷெல்லின் கீழே வைத்து மூலையில் வெல்டிங் போட்டுவிடுவது சுலபம். அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே 90 டிகிரி மூலை வரும், ஸ்பாஞ்ச் அதற்குள் போகாது. தட்டின் ஓரத்தை 20, 25 மி.மீ. வளைத்து மேலே எழுப்பித் தரும் ஃபிளாஞ்சிங் வேலையை அதற்கான மிஷின் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அப்போது ஜாயிண்ட் மூலையில் இல்லாமல் பக்கச் சுவரில் வரும், முனைக்கு முனை சேர்ந்த ஜாயிண்டாக இருக்கும், உள்ளே கையை விட்டுத் தேய்க்க முடியும். தட்டையான தட்டில் வெல்டிங் சூடு பட்டு நடுவில் உப்பி, அடுப்பில் வைத்தால் டப் டப்பென்று அடிக்கிற தொல்லையும் பெரும்பாலும் இதில் குறைந்துவிடும்.

வெல்டிங் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கம்பெனியில் கைப்பிடிக் கம்பி, கேட்டு, கிரில் செய்கிறவர்களின் பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. இங்கே பின்பக்கம்தான் பாத்திரத்தின் உள்பக்கம். பின்னால் ஆர்கான் வாயு கொடுக்காமல் முழு ஊடுருவலோடு வெல்டிங் போட்டால், உருகிய உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கருப்புக் கருப்பாக, சொரசொரப்பாக பொரிந்து நிற்கும். அந்தப் பொரிவுக்குள் தேயிலைக் கறையும் சர்க்கரையும் போய் உட்கார்ந்தால் எந்தச் சோப்பும் எடுக்காது. கிருமி அங்கே குடியிருக்கும், துருவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மேலே கிரைண்டர் ஓட்டி மறைத்துவிடலாம் என்று சிலர் செய்வார்கள். பொரிவின் ஆழம் தெரியாமல் தேய்த்தால் பாதி ஓட்டை உள்ளேயே நிற்கும், மேலே மட்டும் பளபளக்கும்.

ஆகவே பர்ஜ், அதாவது பின்பக்கமும் ஆர்கான் விட்டுக் காற்றை விரட்டுவது, கண்டிப்பாக வேண்டும். நேர் ஜாயிண்டுக்கு நீளவாக்கில் பள்ளம் வெட்டிய ஒரு செப்புப் பட்டையைப் பின்னால் வைத்து, பள்ளத்தில் மெதுவாக ஆர்கான் விடுங்கள். செம்பு சூட்டையும் இழுத்துக்கொள்ளும், தகடு கோணாது. சுற்று ஜாயிண்டுக்கு உள்ளே அட்டையும் டேப்பும் வைத்து ஒரு சின்ன அறை மாதிரி கட்டி, காற்று முழுக்க வெளியேறும் வரை காத்திருந்து ஆரம்பியுங்கள். 1.5 மி.மீ. தகட்டுக்கு 60 ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் வைத்து, ஃபில்லர் ராடு 308எல் எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் ஓரத்தில் வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் நல்லது. நீலம், ஊதா என்று போனால் சூடு அதிகம் அல்லது ஆர்கான் குறைவு. அந்த நிறப் படலத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும், அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் உயிரைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லணும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. பர்ஜ் செய்த கெட்டிலின் அடியில் அது தேங்கி நிற்கும், வாசனை கிடையாது. வெல்டிங் எப்படி வந்திருக்கிறது என்று தலையை உள்ளே விட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் கெட்டிலைக் கவிழ்த்து, ஃபேன் காட்டி, அப்புறம் பாருங்கள். பின்கட்டுப் பட்டறையில் ஜன்னல் மூடி வேலை செய்யாதீர்கள். எஸ்.எஸ். புகையில் வரும் குரோமியம் நுரையீரலுக்குக் கேடு.

வெல்டிங் முடிந்ததும் பிக்ளிங் பேஸ்ட் பூசிச் சுத்தம் செய்வது வழக்கம். அந்தப் பேஸ்டில் நைட்ரிக் ஆசிடோடு ஹைட்ரோஃபுளோரிக் ஆசிடும் இருக்கிறது. தோலில் பட்டால் உடனே பெரிதாக எரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும் ஆசிட் அது. அதற்கான ரப்பர் கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். அந்த ஆசிட் பட்டால் உடனே தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைப் பக்கத்திலேயே வையுங்கள், கழுவிய தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுச் சமன்செய்யாமல் சாக்கடையில் விடாதீர்கள். குழந்தைகள் ஓடும் வீட்டுக் கொல்லையில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. பர்ஜ் ஒழுங்காகச் செய்து, நிறம் வைக்கோல் அளவிலேயே நின்றிருந்தால், புதிய ஃபிளாப் டிஸ்க்கால் மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு, சூடான சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைப்பது வீட்டுப் பட்டறைக்குப் பாதுகாப்பான வழி. இரும்பு கேட்டுக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் வீலையும் வயர் பிரஷையும் இதில் வைக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு நாலாம் நாள் துருப் புள்ளியாக வந்து நிற்கும், வாங்கியவர் உங்கள் தகடு மட்டம் என்று நினைப்பார்.

குழாய் விஷயத்துக்கு வருவோம், புகார் அதிகம் வரும் இடம் அது. பித்தளைக் குழாய் மலிவு, ஆனால் பெரும்பாலான பித்தளையில் ஈயம் சிறிதளவு இருக்கும். புளிப்பான பானம் அதைக் கரைக்கும். எஸ்.எஸ். பால் வால்வு போடுங்கள். அதிலும் மரை போட்ட சாக்கெட்டை வெல்டிங் செய்து, டெஃப்லான் டேப் சுற்றி வால்வைத் திருகுவது எல்லோரும் செய்வது. அந்த மரை இடுக்கு கழுவ வராது. பால் பண்ணைகளில் போடும் டி.சி. கிளாம்ப் ஃபெரூலை (கிளாம்ப் மாட்ட விளிம்பு வைத்த சின்னக் குழாய்த் துண்டு) ஷெல்லில் வெல்டிங் செய்து, வால்வைக் கிளாம்ப் மூலம் மாட்டுங்கள். ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாம் கையோடு வந்துவிடும், கொதிநீரில் போட்டு எடுக்கலாம். செலவு கொஞ்சம் கூடும். அதைக் குறைக்கச் சொல்லும் நண்பரிடம், வேறு எங்கே வேண்டுமானாலும் குறைக்கலாம், இங்கே முடியாது என்று சொல்லுங்கள். ஃபெரூலைச் சுற்றி உள்பக்கமும் பர்ஜ் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது.

மின்சார ஹீட்டர் காயில் வைத்துத் தரச் சொல்பவர்களும் வருவார்கள். இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரும் கரண்டும் எஸ்.எஸ்.ஸும் சேர்ந்த இடத்தில் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அவர் வீட்டில் சரியாக இருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்க முடியாது. கேஸ் அடுப்புக்கே செய்யுங்கள். 40 லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க மூன்றரை யூனிட் அளவு வெப்பம் வேண்டும். அடுப்பில் வீணாவதையும் சேர்த்தால் அரை கிலோவுக்குச் சற்று மேல் கேஸ் ஆகும், பெரிய செலவில்லை.

தெர்மாமீட்டர் வைத்துக் கொடுத்தால் ஏற்காட்டு நண்பர்கள் ஒரு சந்தேகம் கேட்பார்கள்: தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் 95-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, மீட்டர் கெட்டுவிட்டதா என்று. கெடவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை குறையும், ஆகவே அங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும். சேலத்தில் 99. ஒரே மீட்டரை இரண்டு இடத்திலும் கொதிநீரில் வைத்து இந்த எண்கள் வந்தால் மீட்டர் சரி. ஏற்காட்டில் காப்பிப் பழத்தின் தோலைக் காயவைத்துக் கொம்புசா போடுகிறவர்களுக்கு இது ஒன்றும் நஷ்டமில்லை, இன்னும் இரண்டு நிமிடம் கூட ஊறவிட்டால் சாறு இறங்கிவிடும்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு கெட்டிலையும் சோதியுங்கள். வெளிப்பக்கம் ஜாயிண்டில் சுண்ணாம்புப் பொடி பூசி, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். ஈரக்கோடு எங்கே தெரிகிறது என்று காலையில் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் ஒருமுறை முழுக்கக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மறுபடி பாருங்கள், சூட்டில் விரிந்து சுருங்கும்போதுதான் சில மயிரிழைக் கசிவுகள் வெளியே வரும். கைப்பிடிகள் 40 லிட்டர் தண்ணீரோடு தூக்கினால் தாங்குமா என்பதையும் பாருங்கள். கொதிக்கும் 40 லிட்டரைத் தூக்கவே கூடாது என்று சொல்லித்தான் கொடுப்போம். ஆனாலும் யாராவது ஒருநாள் தூக்குவார்கள், கைப்பிடி பிய்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்து வெல்டிங் போடுங்கள்.

விலைக்கு வருகிறேன். நண்பர்களிடம் கணக்குப் பார்ப்பதா என்ற கூச்சத்தில் தகடு காசும் டீ காசும் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. மூன்றாவது கெட்டிலில் வேலை சலித்துவிடும், சலித்துப்போனவர் பர்ஜ் செய்ய மாட்டார். அதனால்தான் விலையில் உறுதியாக இருங்கள் என்கிறேன். கணக்கு எப்படிப் போடுவது என்று காட்ட ஓர் உதாரணம், எண்களை அன்றைய விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஷெல், அடித்தட்டு, 1 மி.மீ. மூடி எல்லாம் சேர்த்துத் தகடு 11 கிலோ அளவுக்கு வரும். கிலோ 250 ரூபாய் என்று வைத்தால் 2,750. கழிவு 300. வெட்டுக்கூலி, ரோலிங், ஃபிளாஞ்சிங் 600. வால்வு, ஃபெரூல், கிளாம்ப், கைப்பிடி 1,800. ஆர்கான், ராடு, டங்ஸ்டன் 500. ஆசிட், டிஸ்க், பஃபிங் 350. உங்கள் ஏழு மணி நேர வேலைக்கு மணிக்கு 200 வீதம் 1,400. ஆக 7,700. பத்தில் ஒன்று கோணிப்போகும் என்று 770 சேருங்கள். கரண்ட், மிஷின் தேய்மானம், இடம் என்று 1,000. 9,470 வருகிறது. இதற்கு மேல் வைப்பதுதான் லாபம். 11,000 ரூபாய் சொன்னால் அதில் பேராசை எதுவும் இல்லை.

11,000-க்குப் பாத்திரக் கடையில் பெரிய அண்டாவே கிடைக்குமே என்பார்கள். உண்மைதான், கிடைக்கும். வெறும் பாத்திரம் மட்டும் வேண்டுமென்றால் அண்டாவை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஸ்ஸில் அழுத்தி எடுத்த பாத்திரத்தில் ஜாயிண்டே கிடையாது, அதோடு விலையில் போட்டி போட முடியாது. இங்கேதான் உங்களுக்கு இன்னொரு நல்ல வேலையும் இருக்கிறது: அவர்கள் வாங்கி வரும் அண்டாவில் ஃபெரூலும் வால்வும் தெர்மாமீட்டர் குழியும் வைத்துக் கொடுப்பது. தகட்டில் முதல் போட வேண்டாம், அரை நாளில் முடியும், கூலி கையில். தொடக்கத்தில் முழுக் கெட்டிலைவிட இதில் மிச்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். அண்டாவின் தகடு என்ன என்பதை மட்டும் சோதித்துவிட்டு, 200 வரிசையாக இருந்தால் பில்லிலேயே அப்படி எழுதிக் கொடுங்கள். அமெரிக்காவில் பீர்க்காரர்கள் 58 லிட்டர் சொச்சம் பிடிக்கும் பீர் பீப்பாயின் மேல்பக்கத்தை வெட்டிக் கெட்டிலாக்குவதும் இதே வழிதான். பீப்பாய் கம்பெனிச் சொத்து என்பதால் கேட்டு வாங்காமல் வெட்டினால் அங்கே திருட்டாகிவிடும். இங்கே யாராவது எங்கிருந்தோ பீப்பாயைக் கொண்டுவந்து வெட்டச் சொன்னால், ரசீது கேளுங்கள்.

காகித வேலைகளில் நான்கைச் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், செய்துவிடுங்கள். சரக்கு விற்பனை வருடம் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பது தமிழ்நாட்டுக்குள் விற்றால்தான். பெங்களூருக்கு ஒரே ஒரு கெட்டில் விற்றாலும் மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு வேண்டும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, தனி இணைப்பு வாங்குங்கள். 2024-ல் எஸ்.எஸ். பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 தரநிலைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையும் வந்திருக்கிறது. குறு நிறுவனத்துக்கு அதில் என்ன சலுகை, உங்கள் கெட்டில் அதன் கீழ் வருமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு விளம்பரம் செய்யுங்கள். பில்லில் தகட்டு வகை, கொள்ளளவு, "திறந்த நிலையில் உணவு காய்ச்ச மட்டும், அழுத்தத்துக்கும் வடிப்பதற்கும் அல்ல" என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு கெட்டிலுக்கும் அடியில் ஒரு எண் குத்தி, நோட்டில் யாருக்குப் போனது என்று எழுதிவையுங்கள்.

அனுப்பும்போது கூரியர்க்காரர் எடையை மட்டும் பார்க்க மாட்டார். 45-க்கு 45-க்கு 50 செ.மீ. பெட்டி என்றால், 5,000-ஆல் வகுக்கும் கணக்கில் 20 கிலோவுக்கு மேல் ஆகிவிடும், கெட்டில் அதில் பாதியைவிடச் சற்றுதான் கூட இருந்தாலும். லாரி பார்சலில் போடுவது மலிவு. உள்ளே காலியாக அனுப்பினால் நசுங்கும். வால்வைக் கழற்றி, துணியில் சுற்றி உள்ளே வைத்து, பழைய அட்டையால் இறுக்கி நிரப்பி அனுப்புங்கள். ஏற்காட்டுக்கு என்றால் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே ஒருமுறை காய்ச்சிக் காட்டிவிட்டு வாருங்கள். கழுவுவதைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பது மாதிரி எதுவும் வராது. பிளீச்சிங் பவுடரும் உப்பும் போட்டுத் தேய்க்கக் கூடாது, தகட்டில் குழி விழும். உப்புத் தண்ணீர்ப் படிவை எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிடில் எடுக்கலாம். கழுவியதும் கவிழ்த்துக் காயவைக்கணும்.

முதல் ஷீட்டில் ஆறு ஷெல் வரும் என்றேன் அல்லவா, ஆறையும் விற்க வேண்டாம். ஐந்தைக் கொடுத்துவிட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு வாராவாரம் காய்ச்சுங்கள். அதே தகடு, அதே ராடு, அதே நாளில் போட்ட வெல்டிங். ஆறு மாதம் கழித்து யாராவது உள்ளே புள்ளி விழுந்திருக்கிறது என்று போன் செய்தால், உங்களுடையதில் அதே இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம். அதிலும் இருந்தால் ஐவருக்கும் நீங்களாகவே போன் போட்டு, கெட்டிலைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுங்கள். அடுத்த ஷீட்டை அதற்குப் பிறகு வாங்கலாம்.